இன்னும் கொஞ்சம் கிட்டே

பூன்டா அரீனாஸ்
14 நவம்பர் 1998

அன்புள்ள எடெல்மிரா அக்காவுக்கு,

தம்பி லிசாந்த்ரோ எழுதுகிறேன். நானும் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் ராயெனும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா?

உன் புருஷன் பேனாவைத் தொடமாட்டார் என்பதால் அவர் பங்குக்கும் நானே எழுதுகிறேன். இந்தப் பருவத்தின் முதல் பயணம் முடிந்து நேற்றுத்தான் கரை சேர்ந்தோம். ஒன்பது நாள். கால்வாய்களுக்குள் புகுந்து, நாலு பனியாறுகளைக் காட்டி, தேசியப் பூங்காவில் ஒரு நாள் நடக்கவிட்டுத் திரும்பினோம். நாற்பத்திரண்டு பயணிகள். ஆறு வருஷம் வழிகாட்டியாக இருந்தவன் இப்போது பயணத் தலைவன். சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது.

அத்தானைக் கெய்லெனிலிருந்து இழுத்துக்கொண்டு வந்ததற்கு நீ என்னைத் திட்டினாய். இங்கே வந்து பார். ரப்பர் படகில் அவர் உட்கார்ந்தால் மற்ற மூன்று ஓட்டுநர்களும் வேடிக்கை பார்க்கிறார்கள். பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒன்றில்கூட உரசாமல் போய் வருகிறார். ஒரு சுவிஸ்காரர் அவரிடம், "இந்தப் பனி எத்தனை மணிக்கு உடைஞ்சு விழும்?" என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். அத்தான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குப் பசி எடுக்கணும்னு சொல்லு மாப்ளே" என்றார். படகே சிரித்தது.

நாங்கள் 'ஊமைச்சி' என்று பேர் வைத்திருக்கும் பனியாற்றுக்கும் போனோம். ஆறு வருஷத்தில் அவள் முகத்திலிருந்து ஒரு கையகலத் துண்டு விழுந்துகூட நான் பார்த்ததில்லை. பயணிகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மழையும் விடவில்லை.

ராயெனுக்கு முத்தம்.

உன் தம்பி
லிச்சோ


கெய்லென்
3 டிசம்பர் 1998

அன்புத் தம்பி லிச்சோவுக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் மழைக்கு முதல்நாள் வலிக்கிறது, மற்ற நாளில் வலிப்பதில்லை. அதாவது தினமும் வலிக்கிறது.

தலைவராகிவிட்டாயாமே. கப்பலில் நாற்பத்திரண்டு பேர் உன் பேச்சைக் கேட்கிறார்கள் என்றால் அவர்கள் யாரும் நீ சின்ன வயதில் வாத்துக்குப் பயந்து வேலி ஏறியதைப் பார்க்காதவர்கள். உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கிற நேரத்தில் வீட்டு ஆம்பளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு "வந்து பார்" என்கிறாய். நான் வந்தால் ஆடுகளுக்கு மயிர் வெட்ட நீ வருகிறாயா? கடல் பக்கத்துக் கூரை ஒழுகுகிறது. ராயென் பாத்திரத்தை வைத்துவிட்டு, "அம்மா, அப்பா ஊர்ல மழை பெய்யுதுன்னு நம்ம வீட்டுக்கும் அனுப்புறாரு" என்கிறாள். ஒன்பது வயதுக்கு வாய் ரொம்ப நீளம். உன் ரத்தம்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். போன ஞாயிறு தொலைபேசியில் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. பத்து வருஷம் சிப்பிக்காக மூழ்கி மூழ்கி, பேசவே மறந்திருந்த மனுஷன் ஐந்து நிமிஷம் பேசினார். திமிங்கிலம் மூச்சு விட்டால் அழுகிய மீன் நாற்றம் அடிக்குமாம். கப்பலில் துண்டைக்கூட இஸ்திரி போடுகிறார்களாம்.

இருவருக்கும் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பெரியது உனக்கு. அத்தானிடம் ஏமாற்றி இரண்டையும் எடுத்துக்கொள்ளாதே.

பிப்ரவரி கடைசியில் இரண்டு பேரும் அறுவடைக்கு வந்துவிட வேண்டும்.

உன் அக்கா
எடெல்மிரா


பூன்டா அரீனாஸ்
21 ஜனவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஒன்றுமில்லை. தொலைபேசியில் சொன்னேன். நீ அழுததில் பாதி உன் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

பதினாறாம் தேதி காலை ஊமைச்சியின் முன்னால் நாலு படகுகள் இறங்கின. அத்தான் படகில் ஆறு பயணிகள். படகு பனிச்சுவருக்குச் சற்று நெருக்கமாக இருந்தது. பதினொன்றரை மணிக்கு, யாரும் எதிர்பார்க்காதபடி, சுவரின் இடது பக்கம் மொத்தமாகச் சரிந்தது. அலை படகைச் செங்குத்தாகத் தூக்கியது. மூன்று பேர் தண்ணீரில் விழுந்தார்கள். தோளெலும்பு முறிந்த நிலையிலும் அத்தான் ஒரு கையாலேயே இரண்டு பேரை இழுத்துப் போட்டார். மூன்றாமவர் செனோரா இர்மா, வால்டிவியாவில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை இன்னொரு படகு தூக்கியது. கப்பலுக்குக் கொண்டுவந்தபோது குளிரில் இதயம் நின்றிருந்தது.

துறைமுக அலுவலகத்தில் விசாரணை வைப்பார்கள். வழக்கமான நடைமுறைதான். நீ கவலைப்படாதே.

அத்தானை அடுத்த வாரம் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறேன். கூட வர முடியவில்லை, பயணம் இருக்கிறது.

லிசாந்த்ரோ


கெய்லென்
8 பிப்ரவரி 1999

அன்புத் தம்பிக்கு,

ராயெனும் நானும் நலம். உன் அத்தான் வந்து சேர்ந்தார். வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். அவ்வளவுதான்.

வந்த மூன்றாம் நாள் நான் கேட்டேன்: "ஏங்க, அவ்வளவு கிட்ட ஏன் போனீங்க?"

"கவனிக்கல."

"நீங்களா கவனிக்கல?"

"ஆமா. கவனிக்கல. மாத்தே டீ ஊத்து."

லிச்சோ, இந்த மனுஷனோடு பதினொரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். மேகத்தின் ஓரம் பார்த்து, "இன்னிக்குத் துணி காயப் போடாதே" என்பவர். கவனிக்கவில்லை என்று சொன்னால் நான் எப்படி நம்புவது? எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு விதி இருக்குமே? அதை யார் தீர்மானிப்பது? நீ அங்கே இருந்தாய். நடந்ததை நடந்தபடி எழுது. எனக்கு அது போதும்.

மார்ச் நாலாம் தேதி விசாரணைக்கு அவரைப் பூன்டா அரீனாஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் அறையில் தங்கட்டும். வலது கை எழும்பாது, கறியை நீதான் வெட்டித் தர வேண்டும்.

அந்த அம்மாவுக்காக நேற்றுக் கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

அக்கா


பூன்டா அரீனாஸ்
27 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பயணத்துக்குமேல் பயணம். நான் சுகம். உன் முழங்காலுக்கு இங்கே ஒரு களிம்பு கிடைத்தது, இதனுடன் அனுப்புகிறேன். ராயெனுக்கு மழைக் காலணி. அளவு சரியா என்று எழுது.

விசாரணை முடிந்தது. அத்தான் உன்னிடம் சொல்லியிருப்பார். முடிவு தபாலில் வரும். அது நம் கையில் இல்லை.

கடைசிப் பயணத்தில் முதுகில் வெட்டுத் தழும்பு உள்ள ஒரு திமிங்கிலம் குட்டியோடு கப்பலைச் சுற்றி ஒரு மணி நேரம் நின்றது. குட்டி வாலால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது. ராயென் பார்த்திருந்தால் குதித்திருப்பாள். மரங்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன. பூங்காவில் மலையடிவாரமெல்லாம் தீப்பிடித்தது போலத் தெரிகிறது.

அத்தானை ஓய்வெடுக்கச் சொல்.

லிச்சோ


கெய்லென்
19 ஏப்ரல் 1999

தம்பி லிசாந்த்ரோவுக்கு,

நீ நலம் என்று அறிந்தேன். காலணி ஒரு அளவு பெரிது. அடுத்த வருஷம் போடுவாள்.

முடிவு வந்துவிட்டது. ஓட்டுநர் தன்னிச்சையாக, பாதுகாப்புத் தூரத்தை மீறிப் படகைச் செலுத்தினார் என்று எழுதியிருக்கிறது. உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். ரப்பர் படகு மட்டுமல்ல, இன்ஜின் வைத்த எந்தப் படகும் ஓட்டக்கூடாது. நம் மஞ்சள் படகைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்.

போன புதன்கிழமை ராயென் பள்ளியிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டாள். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. கடைக்கார மன்சில்யாவின் மகள், "உங்கப்பா ஒரு டீச்சரைக் கொன்னுட்டாரு" என்றாளாம். இவள் அவள் முடியைப் பிடித்துவிட்டாள். அத்தான் ராயெனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அவ சொன்னதுல தப்பில்ல கண்ணு. என் படகுல வந்துதான் செத்தாங்க. நீ போய் அவகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார். மறுநாள் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கவும் வைத்தார். கடைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

நான் பிப்ரவரியில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. திமிங்கிலத்தைப் பற்றி எழுதியிருந்தாய்.

ஜூனில் கப்பல் நின்றுவிடுமே. சான் ஹுவான் பண்டிகைக்கு வா. பன்றி அறுக்கிறோம். நீ பக்கத்தில் இருந்தால் அவர் பேசக்கூடும்.

எடெல்மிரா


பூன்டா அரீனாஸ்
2 ஜூன் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

சான் ஹுவானுக்கு வர முடியாது போலிருக்கிறது. கப்பலைப் பழுது பார்க்கக் கரையேற்றியிருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்கான திட்டத்தையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். வசந்தத்தில் பார்க்கலாம். பன்றிக்கறியை எனக்காகக் கொஞ்சம் புகைபோட்டு வை.

ராயெனை எண்ணி வருத்தமாக இருக்கிறது. அவளிடம் சொல்

லிச்சோ


கெய்லென்
11 ஜூலை 1999

லிசாந்த்ரோவுக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

போன கடிதத்தில் "அவளிடம் சொல்" என்று எழுதி, முற்றுப்புள்ளி வைக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாய். என்ன சொல்ல வேண்டும் என்று ராயென் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் நானும் அத்தானும் வால்டிவியாவுக்குப் போய் வந்தோம். செனோரா இர்மாவின் தங்கையைப் பார்க்க வேண்டும் என்று அவர் மார்ச் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். படகுத்துறை, பேருந்து, மறுபடி பேருந்து. அந்த வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் பேர் எல்பா. கதவைத் திறந்தவரிடம், "நான்தாங்க அந்தப் படகை ஓட்டினவன்" என்றார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். உள்ளே வரச் சொன்னார். தேநீர் கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

"எங்க அக்கா பயந்தாளா?"

"இல்லீங்க. படம் எடுக்க எந்திரிச்சு நின்னாங்க. 'இவ்வளவு நீலமா இருக்கும்னு யாரும் சொல்லவே இல்லையே'ன்னாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அப்பத்தான் சரிஞ்சது."

எல்பா அம்மாள் அழுதார். இவரும் அழுதார். நான் இவர் அழுது பார்த்ததில்லை.

அப்புறம் எல்பா அம்மாள் ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். அதே படகில் வந்த, பக்கத்து நாட்டு மென்டோசா ஊர்க்காரி ஒருத்தி எழுதியது. விசாரணைக்கு முன்பே அவள் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். படகில் நம் பாஷை தெரிந்தவர்கள் அவளும் இர்மாவும் மட்டுமே. ஓட்டுநரின் வயர்லெஸ்ஸில் ஒரு ஆண் குரல் இன்னும் கிட்டே போகச் சொன்னதாகவும், ஓட்டுநர் வேண்டாம் என்றதாகவும், அந்தக் குரல் மறுபடியும் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாள்.

"இது நிஜமா?" என்று எல்பா அம்மாள் கேட்டார்.

"அவங்க தப்பாக் கேட்டிருப்பாங்க" என்றார் அத்தான்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் பன்னிரண்டு மணி நேரம். அது யாருடைய குரல் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

எடெல்மிரா


பூன்டா அரீனாஸ்
22 செப்டம்பர் 1999

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். அது என் குரல்தான்.

அந்தப் பயணத்தில் ஆறு நாள் விடாத மழை. இரண்டு பனியாறுகளை மேகம் மூடிக்கொண்டது. சாப்பாட்டு அறையில் என் காதில் விழும்படியே குறை பேசினார்கள். ஏழாம் நாள் காலை வெயில் அடித்தது. இன்றைக்கு ஒன்று நல்லபடியாகக் காட்டிவிட வேண்டும், தலைவன் என்று பேர் வாங்க வேண்டும் என்று எனக்கு வெறி. விதிப்படி முந்நூறு மீட்டர். நான் இன்னொரு படகில் பின்னால் இருந்தேன். அத்தானை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன்.

"அத்தான், இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க. படம் எடுக்கட்டும்."

"வேணாம் மாப்ளே. இடது பக்கம் நிறம் சரியில்ல. அடியில தண்ணி அரிச்சிருக்கு."

"ஊமைச்சிதானே அத்தான், அவ என்னிக்கு வாயைத் திறந்தா? நான் சொல்றேன், போங்க."

அப்புறம், "தலைவரு சொன்னா சரி" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். சிரித்தது கேட்டது. படகு நகர்ந்தது. நூற்றைம்பது மீட்டருக்குப் போயிருப்பார்.

விசாரணையில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். "நெருங்கிப் போகச் சொல்லி நீங்கள் ஏதாவது உத்தரவு கொடுத்தீர்களா?" என்று அதிகாரி கேட்டார். "நினைவில்லை" என்றேன். இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. என் படகில் இருந்த பயணிகளுக்கு நம் பாஷை தெரியாது. மற்ற ஓட்டுநர்கள் என்னைப் பகைத்துக்கொள்ளப் பயந்து வாய் திறக்கவில்லை. வயர்லெஸ் பேச்சைப் பதிவு செய்யும் வழக்கமும் கப்பலில் இல்லை. அடுத்தது அத்தான். நான் வெளியே நடைபாதையில் நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் போனேன்" என்று அவர் சொன்னது கேட்டது.

வெளியே வந்தவர் நல்ல கையை என் தோளில் வைத்து, "சாப்டியா?" என்றார். என் அறையில் இரண்டு நாள் தங்கினார். நான் கறி வெட்டிக் கொடுத்தேன். இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இரண்டு பேரும் பேசவில்லை.

போன திங்கள்கிழமை துறைமுக அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று அதிகாரி கேட்டார். கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பல் வேலை போய்விட்டது. வழக்கு வரும். வரட்டும். எல்பா அம்மாளுக்கும் எழுதிவிட்டேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். அத்தானிடம் இதைப் படித்துக் காட்டு.

லிசாந்த்ரோ


கெய்லென்
24 அக்டோபர் 1999

லிசாந்த்ரோவுக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய் இடது கையாலேயே விறகு பிளந்தார். தேவைக்கு மேல் விறகு கிடக்கிறது.

உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து இரண்டு வாரம் முன்பு கடிதம் வந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவர் வலது கை மார்புக்கு மேல் எழும்புவதில்லை. மருத்துவர் இனி இவ்வளவுதான் என்றார். அந்தக் கையால் இன்ஜின் கயிற்றை இழுக்க முடியாது. ஆனாலும் முயன்றார். மஞ்சள் படகைத் தள்ளிவிட்டு, நாலு தரம் இழுத்துவிட்டு, கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போன வாரம் படகைக் குயெம்சி ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

மன்சில்யாவின் மகளிடம் ராயென் போய்ச் சொல்லிவிட்டாள். "சொன்னது எங்க மாமா. எங்கப்பா வேணாம்னுதான் சொன்னாரு" என்றாளாம். அப்படிச் சொன்னதற்கும் அத்தானிடம் திட்டு வாங்கினாள்.

நீ அலையைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மார்ச் மாதம் என் மகள் காலுக்குக் காலணி வாங்கும்போது உனக்கு உறுத்தவில்லையா? திமிங்கிலக் குட்டியைப் பற்றி எழுதும்போது? நான் அந்தக் கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், தெரியுமா? "நல்லா எழுதுறான்" என்றார்.

நீ என் கூடப் பிறந்தவன். அது மாறாது. இந்த வருஷம் வராதே.

எடெல்மிரா


கெய்லென்
16 நவம்பர் 1999

மாப்பிள்ளை லிசாந்த்ரோவுக்கு நிபால்டோ எழுதுவது.

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். உனக்குப் புரியும். நான் நலம். அக்காவும் குழந்தையும் நலம். அக்கா எழுதியதில் கோபம் இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லமாட்டேன். கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு.

படகை ஓட்டியது என் கை. நிறம் சரியில்லை என்று பார்த்தவன் நான். பார்த்துவிட்டும் போனேன். அது என் பங்கு. அதை யார் எழுதிக் கொடுத்தாலும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. எல்பா அம்மாளிடம் நான் அழுதது அதற்காகத்தான். உனக்காக இல்லை.

விசாரணை அறையில் "நானாத்தான் போனேன்" என்று சொன்னேனே, நான் நல்லவன் என்பதால் சொல்லவில்லை. நீ வெளியே நிற்கிறாய் என்று தெரியும். கதவு திறந்திருக்கிறது என்றும் தெரியும். நான் அப்படிச் சொன்னால் உன்னால் பொறுக்க முடியாது, உள்ளே வந்து "இல்லை" என்பாய் என்று நினைத்தேன். அதிகாரி எழுதி முடிக்கும்வரை அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உன் அறையில் இரண்டு நாள் இருந்தேன். ஏப்ரலில் முடிவு வந்தபோதும், இதைப் பார்த்தால் எழுதிவிடுவான் என்று நினைத்தேன். சான் ஹுவானுக்கு வருவாய் என்று நினைத்தேன். அக்கா கேட்டபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டேன், நீ சொல்ல வேண்டியதை நான் சொல்லக்கூடாது என்று.

இப்போது சொல்லிவிட்டாய். நல்லதுதான். ஆனால் மாப்ளே, காத்திருந்தவன் இப்போது இங்கே இல்லை. என்ன செய்ய?

வழக்கில் என்னைக் கூப்பிட்டால் வருவேன். உள்ளதைச் சொல்வேன். உனக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும்.

குளிரில் மார்புச்சளி பிடிக்காமல் உடம்பைப் பார்த்துக்கொள். வேலை ஏதாவது கிடைத்ததா என்று அக்காவுக்கு எழுது. அவள் கேட்கமாட்டாள். ஆனாலும் எழுது.

நேற்று ராயென், "மாமா ஏம்ப்பா வரமாட்டேங்கிறாரு?" என்று கேட்டாள். "வேலை இருக்கு கண்ணு, விடமாட்டேங்கிறாங்க" என்றேன்.

உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் இது.

நிபால்டோ